தீபாவளி லீவுக்கு ஆப்பிரிக்கா சஃபாரியா? முன்பணம் கட்டும் முன் காலண்டரைப் பாருங்க

கென்யா, தான்சானியா, போட்ஸ்வானா... விலங்குகளைப் பார்க்க 'பெஸ்ட் சீசன்' என்று விற்கப்படும் மழையில்லா காலத்தின் கடைசி மாதங்களில் உண்மையில் என்ன நடக்கிறது? புனே பக்கம் இருந்து கிளம்பும் குடும்பம் கவனிக்க வேண்டியது என்ன?

சாகண் எம்.ஐ.டி.சி.யில் ஏதோ ஒரு கார் கம்பெனியிலோ, அதற்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியிலோ வேலை பார்க்கும் தமிழர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போவீர்கள். இந்த முறை போனஸ் கொஞ்சம் கூடுதலாக வருகிறது, பையனும் டிவியில் சிங்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம்: "தீபாவளி ஸ்பெஷல், மசாய் மாரா, ஆறு நாள் ஐந்து இரவு, விலங்குகளைப் பார்க்க மிகச்சிறந்த சீசன்!"

விளம்பரத்தில் பாதி உண்மை இருக்கிறது. மழைக்கு முந்தைய மாதங்கள்தான் விலங்குகளைப் பார்க்கச் சிறந்தவை, அது சரி. ஆனால் 2026-ல் தீபாவளி நவம்பர் 8-ம் தேதி வருகிறது. போன வருஷம் அக்டோபர் 20-லேயே வந்துவிட்டது. இந்தப் பத்தொன்பது நாள் வித்தியாசம் நம்ம ஊரில் பெரிய விஷயம் இல்லை. ஆப்பிரிக்காவில் அது ஒரு பருவத்தையே மாற்றிவிடும்.

மழையில்லா காலம்னா எந்த மாதங்கள்?

ஆப்பிரிக்காவை ஒரே ஊர் மாதிரி நினைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. சஃபாரிக்குப் போகிறவர்கள் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்காவில், அதாவது கென்யாவிலும் தான்சானியாவிலும், வருஷத்துக்கு இரண்டு மழை. மார்ச் முதல் மே வரை பெரிய மழை. நவம்பர், டிசம்பரில் சின்ன மழை. நடுவில் ஜூன் கடைசியில் இருந்து அக்டோபர் வரை நீண்ட வறண்ட காலம். நம்ம தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை வரும் அதே நேரத்தில்தான் அங்கே சின்ன மழையும் வருகிறது. இப்படி நினைவு வைத்துக்கொண்டால் மறக்காது.

தெற்கில் போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, நமீபியாவில் மழை வருஷத்துக்கு ஒரு முறைதான். மே முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் ஒரு சொட்டு இல்லை. நவம்பரில் மேகம் கூடும். ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா போன்ற இடங்களில் பல முகாம்கள் மழை தொடங்கியதும் மூடிவிடுகின்றன, மண் பாதைகளில் வண்டி ஓடாது என்பதால்.

ஆக, தீபாவளி வாரத்தில் போனால் வறண்ட காலம் முடிந்து மழை தொடங்கும் விளிம்பில் போய் இறங்குவீர்கள். அந்த வாரம் மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். "பெஸ்ட் சீசன்" விலை கொடுத்து அதை வாங்கத் தேவையில்லை.

கடைசி மாதங்களுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

காரணம் தண்ணீர். மழைக்காலத்தில் காடு முழுக்கக் குட்டைகள் நிரம்பியிருக்கும். யானை எங்கே வேண்டுமானாலும் குடிக்கலாம், புல் ஆளுயரம் நிற்கும், சிங்கம் பத்தடி தூரத்தில் படுத்திருந்தாலும் தெரியாது. ஜூலை, ஆகஸ்ட் தாண்டும்போது குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றுகின்றன. செப்டம்பர், அக்டோபரில் ஆறும், சில பெரிய நீர்நிலைகளும், ஆழ்துளைக் கிணற்றில் இருந்து நிரப்பும் தொட்டிகளும் மட்டுமே மிச்சம். எல்லா விலங்கும் அங்கே வந்தாக வேண்டும். அவற்றைத் தின்னும் விலங்கும் அங்கேயே காத்திருக்கும். புல்லும் கருகிப் போயிருப்பதால் மறைவதற்கு இடம் இல்லை.

மகாராஷ்டிரத்தில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. தடோபாவில் புலி பார்க்க ஏன் கொதிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் போகிறார்கள்? அதே கணக்குதான். குட்டை ஓரம் வண்டியை நிறுத்திக் காத்திருந்தால் புலி தண்ணீருக்கு வரும்.

இதன் மறுபக்கத்தை விளம்பரம் சொல்வதில்லை. நமக்கு வசதியாக விலங்குகள் ஒரே இடத்தில் கூடுவதற்குக் காரணம், அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லாததுதான். மழை நேரத்துக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளும். தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதைச் சமீப வருஷங்கள் காட்டியிருக்கின்றன.

- கென்யா, 2022: தொடர்ந்து மழை பொய்த்ததில், பிப்ரவரி முதல் அக்டோபர் வரை 205 யானைகளும் 512 வில்டபீஸ்ட்களும் இறந்ததாக அந்நாட்டு அரசு கணக்கிட்டது.
- ஜிம்பாப்வே, 2023: ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் மழை தாமதமானதால் குறைந்தது 100 யானைகள் இறந்தன. அங்கே ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது, பம்பு வைத்து இறைக்கும் தண்ணீரை நம்பித்தான் யானைக் கூட்டமே இருக்கிறது.
- நமீபியா, 2024: எல் நினோ வறட்சியில் மக்களுக்கே சாப்பாடு இல்லை. 83 யானைகள் உள்பட 723 காட்டு விலங்குகளைச் சுட்டு இறைச்சியைப் பகிர்ந்தளிக்க அரசு முடிவெடுத்தது.
- நமீபியா, 2025: செப்டம்பர் கடைசி வாரத்தில் எட்டோஷா தேசியப் பூங்காவில் தீ பிடித்தது. அணைப்பதற்குள் பூங்காவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கருகிவிட்டது.

எட்டோஷா தீ பிடித்தது சரியாக 'பீக் சீசன்' என்று சொல்லப்படும் வாரத்தில்தான். காய்ந்த புல் நமக்குப் பார்வையைத் திறந்துவிடுகிறது, தீக்கும் வழி திறந்துவிடுகிறது. அதனால் அக்டோபர் பயணத்துக்கு முன்பதிவு செய்யும்போது, பூங்காவோ முகாமோ மூடப்பட்டால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பார்த்தே ஆகணும்னா?

லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்கள் மாரா ஆற்றில் குதித்து, முதலைகளைத் தாண்டி அக்கரை ஏறும் காட்சிக்காகத்தான் நம்மில் பெரும்பாலானோர் கென்யாவைத் தேர்ந்தெடுக்கிறோம். மந்தைகள் பொதுவாக ஜூலையில் இருந்து அக்டோபர் வரை வடக்கு செரங்கேட்டியிலும் மசாய் மாராவிலும் இருக்கும். சின்ன மழை விழ ஆரம்பித்ததும் தெற்கே தான்சானியா பக்கம் திரும்பிவிடும். நவம்பர் இரண்டாம் வாரத்தில் மாராவில் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இருக்கும். பெரிய மந்தை இருக்கும் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் நம்பாதீர்கள்.

ஆகஸ்டில் போனாலும் கடக்கும் நாளையும் நேரத்தையும் யாராலும் சொல்ல முடியாது. கரையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு மந்தை அப்படியே திரும்பிப் போவது சாதாரணம். இதற்காகவே போகிறவர்கள் ஆற்றுக்கு அருகில் குறைந்தது மூன்று, நான்கு இரவு தங்க வேண்டும். ஒரு இரவு மாரா, ஒரு இரவு நகுரு, ஒரு இரவு அம்போசெலி என்று ஓடும் பேக்கேஜில் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். நைரோபியில் இருந்து மாராவுக்கு மட்டுமே ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

இன்னொரு தகவலும் தெரிந்திருக்கட்டும். மந்தையில் 13 லட்சம் வில்டபீஸ்ட்கள் இருப்பதாகப் பல காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. செயற்கைக்கோள் படங்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2025 செப்டம்பரில் வெளியானது. 2022, 2023-ம் ஆண்டுப் படங்களில் 6 லட்சத்துக்கும் குறைவாகவே எண்ண முடிந்தது. மந்தை பாதியாகிவிட்டது என்று இதை வைத்து உடனே முடிவுகட்ட முடியாது, எண்ணும் முறைகள் வேறு வேறு. ஆனால் பெரிய மந்தை என்றைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையில் விழுந்த முதல் கீறல் அது.

கூட்டம்... விலங்குக்கா, வண்டிக்கா?

2025 ஜூலையில் மாரா ஆற்றங்கரையில் எடுத்த ஒரு வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. சுற்றுலாப் பயணிகள் ஜீப்பை விட்டு இறங்கி, கரையில் வரிசைகட்டி நின்று போன் பிடிக்கிறார்கள். ஆற்றில் இருந்து ஏற வேண்டிய வில்டபீஸ்ட்களுக்கு வழி அடைபட்டு நிற்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், மாராவில் புதிதாகத் திறந்த ஒரு சொகுசு முகாம் விலங்குகளின் பாதையில் கட்டப்பட்டிருக்கிறது என்று மசாய் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் நீதிமன்றம் போனார். கென்ய வனவிலங்குத் துறை அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கு பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் எவ்வளவு பேர், எவ்வளவு கட்டடம் தாங்கும் என்ற கேள்வி அங்கே அடங்கவில்லை.

"அங்கேதான் இப்படி" என்று நாம் நினைக்க முடியாது. 2024 டிசம்பர் 31 அன்று, நாக்பூர் அருகே உம்ரேட்-கர்ஹாண்ட்லா சரணாலயத்தில் ஒரு தாய்ப்புலியையும் அதன் ஐந்து குட்டிகளையும் இரண்டு பக்கமும் சஃபாரி வண்டிகள் அடைத்து நின்றன. வீடியோ வெளியானதும் ஓட்டுநர்கள், வழிகாட்டிகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. அடுத்து 2025 நவம்பரில், புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிச் சுற்றுலா மண்டலங்களில் செல்போன் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். தண்ணீருக்கோ பாதைக்கோ வேறு வழி இல்லாத விலங்கின் முன்னால் நம்ம வண்டி போய் நிற்கிறது. டிரைவர் ஏன் அவ்வளவு கிட்டே போகிறார்? பின்சீட்டில் இருந்து "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க" என்று குரல் வருகிறது, கடைசியில் டிப்ஸும் வருகிறது. அந்தக் குரல் நம்முடையது. "தூரமா நின்னா போதும், டிப்ஸ் குறையாது" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஓட்டுநருக்கும் அது நிம்மதி.

செலவு எவ்வளவு ஆகும்?

விளம்பரத்தில் உள்ள பேக்கேஜ் விலையில் நுழைவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மசாய் மாராவில் 2024 ஜூலை முதல், வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயதுக்காரர்களுக்கு 50 டாலர். டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரை மட்டுமே செல்லும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஒரு நாளைக்கு 500 டாலர். மூன்று நாளைக்கு 1,500 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 1 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய். இது வெறும் கேட் கட்டணம். விமானம், தங்குமிடம், வண்டி எல்லாம் தனி.

நவம்பரில் மந்தை கிளம்பியிருந்தாலும் இந்த 200 டாலர் குறையாது என்பதைக் கவனிங்க. டிசம்பர் 31 வரை அதே கட்டணம்தான்.

தான்சானியா பக்கம் போனால் வேறு கணக்கு. உதாரணமாக, நகோரோங்கோரோ பள்ளத்தாக்கில் இறங்க ஒவ்வொரு வண்டிக்கும் 295 டாலர், ஆள் கட்டணம் அதற்கு மேல். நான்கு பேர் ஒரு வண்டியைப் பகிர்ந்தால் தாங்கும். இரண்டு பேர் போனால் கடிக்கும்.

வரியில் ஒரு நல்ல செய்தி உண்டு. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு டிராவல்ஸ்காரர் பிடிக்கும் டி.சி.எஸ். வரி, முன்பு 10 லட்சம் ரூபாய் வரை 5 சதவீதமாகவும் அதற்கு மேல் 20 சதவீதமாகவும் இருந்தது. 2026 பட்ஜெட்டில் அது ஒரே சீராக 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதுவும் செலவு இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். பழைய விகிதத்தில் யாராவது பிடித்தால் கேள்வி கேளுங்கள்.

இந்தப் பணம் யாருக்குப் போகுது?

கேட்க வேண்டிய கேள்வி இது. மாரா தேசியக் காப்பகத்தை ஒட்டி மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மோடோரோகி போன்ற 'கன்சர்வன்சி'கள் உள்ளன. மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் வாடகை வாங்குகின்றன. முகாம்களின் படுக்கை எண்ணிக்கைக்கும், ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளுக்கும் உச்சவரம்பு உண்டு. தங்கும் செலவு கூடுதல்தான். ஆனால் சிங்கத்தைச் சுற்றி முப்பது வண்டி நிற்காது. மழை பொய்த்து மாடு செத்த வருஷத்திலும் அந்த வாடகை மசாய் வீட்டுக்கு வரும். நாலு இரவில் இரண்டை இங்கே தங்கும்படி கேட்டுப் பாருங்கள்.

திரும்பி வரும்போது மும்பையில் மாட்டாமல் இருக்க...

பலரும் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். இந்தியாவில் இருந்து நேராகப் போகும்போது கென்யாவில் இதைக் கேட்காமல் விடலாம். ஆனால் கென்யா, உகாண்டா போன்ற நாடுகளில் இருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது சான்றிதழ் கட்டாயம். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்கு விடாமல் 6 நாள் வரை தனிமைப்படுத்த முடியும். திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போக வேண்டியவர் அடுத்த வாரம்தான் சாகண் வந்து சேருவார்.

- மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இந்த ஊசி போடுவார்கள். முன்கூட்டியே நாள் வாங்கணும்.
- ஊசி போட்ட பத்தாவது நாளில் இருந்துதான் சான்றிதழ் செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும்.
- 9 மாதத்துக்குக் குறைவான குழந்தை, 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. அப்பா, அம்மாவையும் கூட்டிப்போகிறீர்கள் என்றால் டிக்கெட்டுக்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள்.
- தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியாவுக்கு மட்டும் போனால் இந்தக் கட்டாயம் இல்லை. நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாறினால் விதியை ஒரு முறை சரிபாருங்கள்.
- மலேரியா மாத்திரை பற்றியும் அதே டாக்டரிடம் கேளுங்கள். வறண்ட காலத்தில் கொசு குறைவு, இல்லவே இல்லை என்று அர்த்தம் இல்லை.

கென்யாவுக்குப் பழைய விசா முறை 2024 ஜனவரியோடு போய்விட்டது. ஆன்லைனில் 'இ.டி.ஏ.' என்ற முன் அனுமதி வாங்க வேண்டும், கட்டணம் 30 டாலரும் அதற்கு மேல் சேவைக் கட்டணமும். குழந்தைகளுக்கும் தனித்தனியாக வேண்டும். தான்சானியாவுக்கு இ-விசா, 50 டாலர். புனேயில் இருந்து நேரடி விமானம் கிடையாது. மும்பையில் இருந்து நைரோபிக்கு நேரடி விமானம் சுமார் ஆறு மணி நேரம்.

பெட்டியில் இரண்டு விஷயம். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, முறுக்கு, தட்டையைத் துணிப்பையில் கட்டுங்கள். மாரா 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, விடியற்காலை சஃபாரிக்கு ஸ்வெட்டர் வேணும். "ஆப்பிரிக்காவில் எதுக்கு ஸ்வெட்டர்" என்று சிரித்தவர்கள்தான் திறந்த வண்டியில் நடுங்குவார்கள்.

அப்போ எப்போ போகலாம்?

2026-ல் புனேக்காரர்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, விநாயகர் சதுர்த்தி வாரம். செப்டம்பர் 14, திங்கட்கிழமை. மந்தை மாராவில் இருக்கும் காலம். பிள்ளைகளுக்கு நாலைந்து நாள் பள்ளி போகும், வண்டிக் கூட்டமும் இருக்கும்.

இரண்டு, அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை தொடங்கி அந்த வாரம், அல்லது அக்டோபர் 20 தசராவை ஒட்டி. போட்ஸ்வானாவின் சோபே, ஜாம்பியா, ஜிம்பாப்வே பக்கம் யானைகள் ஆற்றோரம் குவிந்திருக்கும். பகலில் வெயில் 40 டிகிரியைத் தொடலாம். சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சிரமம்.

மூன்று, லீவு தீபாவளிக்குத்தான் கிடைக்கும் என்றால், "மந்தை" என்ற வார்த்தையை மறந்துவிட்டுப் போங்கள். புது மழையில் பசுமை திரும்பும், பறவைகள் வரும், கூட்டம் குறையும். ஆகஸ்ட் விலையில் விற்றால் மட்டும் பேரம் பேசுங்கள்.

நான்காவது ஒன்றும் இருக்கிறது. தண்ணீர் ஓரம் விலங்குக்காகக் காத்திருக்கும் அனுபவம்தான் வேண்டும் என்றால், அடுத்த ஏப்ரலில் தடோபா. சாகணில் இருந்து சுமார் 700 கிலோமீட்டர், பாஸ்போர்ட் வேண்டாம், ஊசி வேண்டாம். அங்கே பிள்ளைக்கு அமைதியாகக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதற்கு அடுத்த செப்டம்பரில் ஆப்பிரிக்கா கூட்டிப்போகலாம்.

எங்கே போனாலும், குட்டை ஓரம் வண்டி நின்றதும் ஒரு நிமிஷம் கவனியுங்கள். எதிரே நிற்கும் யானைக்கு அந்த வாரத்தில் கிடைக்கும் தண்ணீர் அதுவாக மட்டுமே இருக்கலாம். அது குடித்து முடிக்கிற வரை இன்ஜினை அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.